கட்டக்கா கேட்கும் கேள்வி

காயத்தின் கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் கட்டக்கா முகர்ந்துபார்க்கிறார். கண்களை மூடி, மூக்கைத் துணிக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, நிதானமாக ஒரு மூச்சு. பிறகு ஆளைப் பார்க்காமல் காயத்தோடு பேச ஆரம்பிக்கிறார். "வாசனை எல்லாம் சரியாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு இந்த மனுஷனைத் தூங்கவிடாம படுத்துறே?" மேசையில் படுத்திருக்கும் கொதிகலன் தொழிலாளி சிரித்துவிடுகிறார். சிரித்த பிறகுதான் தனக்கு வலிக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் வருகிறது.

தீக்காயப் பிரிவின் கடைசியில் இருக்கும் கட்டுப் போடுகிற அறை அவருடைய ராஜ்யம். சம்பளப் பட்டியலில் என்ன பெயரோ, இங்கே கட்டக்கா. டாக்டர்களுக்கும் கட்டக்கா, தரை துடைப்பவருக்கும் கட்டக்கா. அவரைவிட மூத்த நோயாளிகளே கூச்சமில்லாமல் அக்கா என்கிறார்கள். குள்ளம், அகலமான தோள், ஒட்ட வெட்டிய நகங்கள். வாசலில் செருப்பை விட்டு உள்ளே இருக்கும் ரப்பர் செருப்புக்கு மாறிக்கொண்டுதான் நுழைவார். மறந்து நுழைகிறவர் தலைமை மருத்துவராகவே இருந்தாலும், "என்ன, தெருவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று நிறுத்திவிடுவார். டீயை நன்றாக ஆறவைத்துத்தான் குடிப்பார். "நாள் பூரா சூட்டைத்தான் பாக்குறேன். நாக்குக்காவது லீவு வேணாமா?"

குக்கர் ஆவியில் வலது கையைக் கொடுத்துவிட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். போகும் முன் வீட்டிலிருந்த பற்பசையைக் கை முழுக்கப் பூசியிருந்தேன். "கைக்குப் பல்லு முளைச்சிருக்கா?" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். பிறகு என்ன வேலை என்று கேட்டார். பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றேன். "எழுதுற கையா? சரி, வாசிக்கிறவங்களுக்குக் கொஞ்ச நாள் நிம்மதி." அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காயத்தோடு ஒட்டிக்கொண்ட துணியை ஒருபோதும் இழுக்க மாட்டார். உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வெளியே வரிசை நீளும். நர்ஸ் எட்டிப்பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போவார். இவர் அசைய மாட்டார். "அதுவா விடணும். நாம பிச்சு எடுத்தா அதுக்குப் பேரு வைத்தியம் இல்ல, வழிப்பறி."

அவர் குழாயடியில் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குறியைப் பார்த்தேன். இடது முன்கையின் உட்புறம், முழங்கைக்குச் சற்றுக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டத் தழும்பு. பழையது, வெளிறி மழமழவென்றிருந்தது. வேலையில் பட்டதா என்று கேட்டேன்.

"பட்டது இல்ல. வாங்கிக்கிட்டது" என்றார்.

அவர் ஒரு சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவர். கூட்டம் என்றுதான் அவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். சைக்கிள் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த கூடத்தில் வாரம் ஒருமுறை கூடிப் பாடி, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைகிறவர்கள். வயது வந்தவர்கள் விரும்பினால் இந்தச் சூட்டுக்குறியை வாங்கிக்கொள்ளலாம். வாங்காதவர்களை யாரும் தள்ளிவைப்பதில்லை. அதே பந்தி, அதே பாட்டு. ஒன்று மட்டும் அவர்களுக்குக் கிடையாது. கூட்டத்தில் ஒருவர் இறந்தால், உடலைக் குளிப்பாட்டித் தூக்குகிற உரிமை குறி வாங்கியவர்களுக்குத்தான். நெருப்பை ஒரு தரம் தாங்கிய கைதான் இறந்தவரைத் தாங்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. பெற்ற பிள்ளையே ஆனாலும் குறி இல்லையென்றால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

எனக்குக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. எந்தச் சாமி சூடு கேட்டது? தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர், தன் கையை நீட்டிச் சூடு வாங்கிக்கொள்வதாவது! இதை வாய்விட்டே சொன்னேன். கட்டக்கா கோபப்படவில்லை. "உங்களுக்குப் புரியணும்னு நான் வாங்கிக்கலையே" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீதியும் தெரிந்தது. குறி வாங்கியவர் மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவர்களுக்குக் குறி வைத்தவரும் அவரே. அவருக்கு முன்னால் யார் யாரோ வைத்து, மேலே சாம்பலையும் வெண்ணெயையும் அப்பி, சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்தார்களாம். தோலைத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கும்போது இந்தக் கூத்து எதற்கு என்று எல்லோருமாகச் சேர்ந்து பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். குறி வைக்கக் காய்ச்சும் கம்பியை எந்தப் பதத்தில் எடுப்பது, எவ்வளவு லேசாக வைப்பது, உடனே எப்படிக் குளிர்ந்த தண்ணீரில் கையைப் பிடிப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை வைத்திருந்தார்.

கம்பியைப் பற்றி அவர் பெருமை பேசிக் கேட்டதில்லை. அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை. குறி வாங்க வருகிறவரைத் தனி அறைக்கு அழைத்துப்போவார். கூட வந்த கணவன், மாமியார், அப்பா, அம்மா எல்லோரும் வெளியே. அம்மாக்கள்தான் லேசில் நகர மாட்டார்கள். நான் பெத்த பிள்ளைதானே, எனக்குத் தெரியாததா என்பார்கள். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானேம்மா. கொஞ்சம் அப்படி உக்காருங்க" என்று கதவைச் சாத்திவிடுவார். உள்ளே ஒரே கேள்வி. "நிஜமா வேணுமா? வேணாம்னா இப்பவே சொல்லிடு. வெளியில நான் பாத்துக்குறேன்."

அப்படி வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டா என்று கேட்டேன்.

"உண்டு."

"எத்தனை பேர்?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

வேண்டாம் என்று யாராவது சொன்னால், கட்டக்கா கதவைத் திறந்து, முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொண்டு, இந்தத் தோல் ஒத்துக்காது, வைத்தால் ஆறாது என்று அறிவித்துவிடுவார். தீக்காய வார்டில் வேலை பார்க்கிறவர் சொன்னால் மறுபேச்சு ஏது? பொய்தானே அக்கா என்றேன். "பொய்தான். உண்மையைச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு வீட்டுல ஒரு வாய் சோறு நிம்மதியா இறங்குமா? பிள்ளையத் திட்டுவாங்க. தோலை யாரு திட்டப்போறா?"

இப்போது இதெல்லாம் நின்றுவிட்டது. சட்டம் வந்துவிட்டது. மதத்தின் பேரிலோ வழக்கத்தின் பேரிலோ இன்னொருவர் உடம்பில் காயம் உண்டாக்குவது குற்றம். அவர் வயது வந்தவர், சம்மதித்தவர் என்று சொல்லித் தப்ப முடியாது. வாங்கியவருக்குத் தண்டனை இல்லை, வைத்தவருக்குச் சிறை. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் என்றால் வேலையும் பென்ஷனும் சேர்ந்து போகும். கட்டக்கா கம்பியைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். தழும்பை மட்டும் மறைக்கவில்லை. முன்போலவே எல்லோர் எதிரிலும் முழங்கை வரை கழுவுகிறார்.

இந்தச் சட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் ஒருவர் இதே பிரிவின் தலைமை மருத்துவர். கட்டக்கா அவரை டாக்டரம்மா என்கிறார். உயரம், நரைத்த கிராப்பு, சிரிப்பில் சிக்கனம். வேறோர் ஊரில், வேறொரு கூட்டத்தில் குறி வாங்கி, அது சீழ் பிடித்துப்போன ஒரு பெண்ணின் கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தவர் அவர். சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. "மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடிகூட, நானாத்தான் போட்டுக்கிட்டேன்னு சொன்னா அந்தப் பொண்ணு. அவங்க அம்மா பக்கத்துலயே நின்னாங்க. நான் அதைச் சம்மதம்னு எடுத்துக்கணுமா?" என்று என்னைக் கேட்டார். 

இவர்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள். டாக்டரம்மா கையை நீட்டினால் போதும், என்ன வேண்டும் என்று கேட்காமலே கட்டக்கா எடுத்துக் கொடுப்பார். சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இருவரும் பிடியை விட மாட்டார்கள். ஒரு நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதே அப்படி ஒரு பேச்சு வந்தது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முன்கையில் ரணத்தோடு வந்தார். முகர்ந்துபார்த்ததுமே கட்டக்காவின் முகம் மாறியது.

"எதுல பட்டுச்சு?"

"அயர்ன் பாக்ஸ்லக்கா."

"அயர்ன் பாக்ஸ் எப்பய்யா வட்டமாச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பழைய போல்ட்டை அடுப்பில் காய்ச்சி மச்சான்தான் குறி வைத்துவிட்டானாம். கட்டக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சுத்தம் செய்து, மருந்து வைத்து, கட்டுப் போட்டு அனுப்பினார். அதன் பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டரம்மாவின் எதிரிலேயே கையுறையைக் கழற்றி வீசினார்.

"பாத்தீங்களா டாக்டரம்மா? வாங்குறவங்க நிறுத்தல. என்னைத்தான் நிறுத்தியிருக்கீங்க."

"ஒரே நாள்ல நிக்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிக்கும்."

"அதுவரைக்கும் போல்ட்டா? இவருகிட்ட எவனாச்சும் கேட்டிருப்பானா, நிஜமா வேணுமான்னு?"

"நீங்க கேட்டீங்க, சரி. யாரா நின்னு கேட்டீங்க? கையில குறியோட, எல்லாருக்கும் அக்காவா நின்னு கேட்டீங்க. உங்க மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல முடியாம எத்தனை பேரு தலையாட்டினாங்களோ. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

  கட்டக்கா தள்ளுவண்டியில் இருந்த கத்தரிகளை எடுத்து எடுத்து அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று அதன் பிறகு வந்த காயங்கள் எதனோடும் அவர் பேசவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் இதையே யோசித்தேன். சட்டம் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் கை போனது போனதுதான். இன்னொரு கை போகாமல் தடுக்க அரசாங்கம் ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை என்பதுதானே கொடுமை? அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைத்தானே இங்கே முதலில் நிறுத்தினோம்? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு இடித்தது.

கட்டக்காவுக்கு ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. அப்பா இறந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மற்றவர்கள் அவரைக் குளிப்பாட்ட, இவள் வாசலில் நின்றாள். வயது வந்ததும் குறி வாங்குவாள் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பரீட்சை, வேலை தேடுவது, காய்ச்சல் என்று ஏதாவது ஒரு காரணத்தால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் சட்டம் வந்துவிட்டது. இப்போது கட்டக்காவுக்கு நெஞ்சில் ஒரு ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மகள் ஒரு சாயங்காலம் தானாக வந்து கையை நீட்டி, "அம்மா, நீ ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள எனக்கு வச்சு விட்டுடு" என்றாளாம்.

இதை என்னிடம் சொன்னபோது கட்டக்கா அழுதார். "எனக்கு ஆசைதான், மறைக்க மாட்டேன். என்னை அவதான் குளிப்பாட்டணும். யார் யாரோ என்னைத் தொட, என் பிள்ளை வாசல்ல நிக்கணுமா? ஒரு தடவ நின்னது போதாதா?"

ஜெயிலுக்குப் போக வேண்டிவருமே என்றேன். "போறேன். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" வேலை? பென்ஷன்? எல்லாவற்றுக்கும் கையை வீசினார். வீசிய கை பாதியிலேயே நின்றது.

"ஆனா, அவளை யாரு கேக்குறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே விளக்கினார். தான் தனியாக அழைத்துப்போய்க் கேட்டால் அது கேள்வியே ஆகாது. வெளியே அனுப்ப வேண்டிய அம்மாவே தான்தானே. "என் மூஞ்சியப் பாத்து அவ எப்படி வேணாம்பா? டாக்டரம்மா அன்னிக்குச் சொன்னது முள்ளு மாதிரி குத்திக்கிட்டே கிடக்கு." கூட்டத்தில் வேறு யாரையாவது கேட்கச் சொல்லலாமே என்றேன். தலையை ஆட்டினார். "எங்காளுங்க யாரு கேட்டாலும், அவங்க ஆசைப்படுறது அவ வேணும்னு சொல்றதுக்குத்தான். அது மூஞ்சியிலயே எழுதியிருக்கும்."

போன வாரம் என் கையில் கடைசிக் கட்டை அவிழ்க்கப் போயிருந்தேன். புறநோயாளிகள் எல்லோரும் போய்விட்டார்கள். மகள் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். கடைச் சீருடையான முழுக்கைச் சட்டை. இடது கையை மட்டும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தாள். சற்று நேரத்தில் டாக்டரம்மாவும் வந்தார். கட்டக்காதான் அழைத்திருக்கிறார்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு உதவி. இவளைத் தனியா உக்கார வச்சு, ஒரே ஒரு கேள்வி கேக்கணும். குறி நிஜமா வேணுமான்னு."

"நானா? நான் இதுக்கு எதிரின்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"அதனாலதான் கேக்குறேன். நீங்க, அவ வேணாம்னு சொல்லணும்னு ஆசைப்படுறவங்க. உங்ககிட்ட வேணும்னு சொன்னா, அது நிஜமான வேணும்."

 டாக்டரம்மா மகளின் முகத்தைப் பார்த்தார், சுருட்டிய சட்டைக் கையைப் பார்த்தார். "அவ வேணும்னு சொல்லி நீங்க வச்சீங்கன்னா, நான் புகார் கொடுப்பேன். கட்டக்காங்கிறதுக்காகச் சும்மா இருக்க மாட்டேன்."

"கொடுங்க."

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. இவ என்ன சொல்றாளோ அதை அப்படியே வந்து உங்ககிட்ட சொல்லுவேன்."

இதற்குத்தான் கட்டக்கா தயங்கினார். இத்தனை வருடங்களில் எந்த அம்மாவையும் அவர் உண்மையைக் கேட்க வைத்ததில்லை. மகளைப் பார்த்து, "சரியா பாப்பா?" என்றார். அவள் தலையசைத்தாள். கட்டக்கா என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்து, கதவைத் தானே சாத்தினார்.

நடைவழியில் ஒரு நீள பெஞ்சு. அதில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தவர் எழுந்து கதவுப் பக்கம் போனார், பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். "ஒரு கேள்விக்கு இவ்வளவு நேரமா?" என்று முணுமுணுத்துவிட்டு, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "எல்லா அம்மாவும் என்னை இதைத்தான் திட்டுவாங்க." அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. இடது கைத் தழும்பை வலது கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நானும் அவரும் ஒரே விஷயத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பது எனக்கு உறுத்தியது. உள்ளே அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கட்டக்கா என்ன வேண்டிக்கொண்டிருந்தார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கதவு திறந்தது. இந்தப் பதிலுக்காகவே இத்தனை நாள் வாதாடியவர் டாக்டரம்மா. அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"வேணாங்கிறா, கட்டக்கா."

கட்டக்கா எழுந்து நின்றார்.

"வலிக்குப் பயந்து இல்லையாம். அவளுக்கு அதுல நம்பிக்கை இல்லையாம். ரொம்ப நாளாவே இல்லையாம். உங்களுக்காகத்தான் கையை நீட்டினாளாம்." டாக்டரம்மா நிறுத்தி, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீங்களா கேட்டிருந்தா வேணும்னுதான் சொல்லியிருப்பேன்னு சொன்னா."

கட்டக்கா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவருக்கு மனசு உடைந்துபோயிற்று என்பது பார்க்கிற யாருக்கும் தெரிந்திருக்கும். உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது.

மகள் குழாயடியில் சுவரோடு ஒண்டி நின்றாள். சட்டைக் கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "அம்மா, கோவமாம்மா?" என்றாள். பதில் வருவதற்குள் அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்ப உன்னை யாரும்மா குளிப்பாட்டுவா? நான் வாசல்லயேதான் நிப்பேனா?"

கட்டக்கா அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, மறைத்துவைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். முழங்கைக்குக் கீழே, ஒன்றுமில்லாத அந்த இடத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சுருட்டியிருந்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கி, நீவிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டார்.